வண்டிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் பாதை

வாசகியின் கடிதம் (அடையாளம் தெரியாதிருக்க ஊர், தெரு, நாடு பற்றிய குறிப்புகள் நீக்கப்பட்டுள்ளன):

43 வயதான இந்த வாசகி, 11 ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட முதுகுத்தண்டுக் காயத்திற்குப் பிறகு மின்சாரச் சக்கர நாற்காலியில் இயங்குகிறார். வாரத்தில் நான்கு நாள் வேலைக்குச் செல்கிறார். பக்கவாட்டுக் கதவில் சாய்பலகை பொருத்திய ஒரு வேன் அவருடைய முக்கிய வாகனம். அது வராத நாள்களில் தாழ்தளப் பேருந்து. நான்கு மாதங்களுக்கு முன் அவருடைய குடியிருப்பின் முன்னால், நடைபாதையை ஒட்டி, பிளாஸ்டிக் கம்பங்கள் நட்ட சைக்கிள் பாதை ஒன்று போடப்பட்டது. வாசலில் இருந்த மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் தெருமுனைக்கு அப்பால், 140 மீட்டர் தொலைவில், ஏற்றமான ஒரு கிளைத் தெருவுக்கு மாற்றப்பட்டது. இப்போது வேன் கம்பங்களுக்கு வெளியே நிற்கிறது. பலகை சைக்கிள் பாதைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து நடைபாதையில் ஏறச் சரிவு இல்லாததால், எதிரே சைக்கிள்கள் வர, 35 மீட்டர் தூரம் அந்தப் பாதைக்குள்ளேயே அவர் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் அவரைக் கண்டு திடுக்கிட்டுப் பிரேக் பிடித்த இளைஞர் ஒருவர் கீழே விழுந்தார். பேருந்து நிறுத்தமும் சைக்கிள் பாதைக்கு அப்பால் ஒரு திட்டுக்கு நகர்ந்துவிட்டது. நேரில் போய் முறையிட்டபோது, "அந்த அளவுகளெல்லாம் வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை, உங்கள் ஒருவருக்காகத் திட்டத்தை மாற்ற முடியாது" என்று அதிகாரி சொல்லிவிட்டார். அந்தத் தெருவின் வணிகர்கள், பாதையை முழுவதுமாக அகற்றக் கோரி வழக்குத் தொடுக்கப்போவதாகவும், வாசகி முதல் மனுதாரராக இருந்தால் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் சொல்கிறார்கள். கையெழுத்திடலாமா, சைக்கிள் பாதையில் நாற்காலியை ஓட்டுவது குற்றமா, அறிவிப்பு ஒட்டிய காலத்தில் ஆட்சேபம் சொல்லாததால் உரிமை போய்விட்டதா என்று கேட்கிறார். கடைசியில், "பலருக்கு நன்மையான ஒன்றை என் ஒருத்திக்காகக் கெடுக்கிறேனோ?" என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். "பதினொரு வருடமாக யாரையும் கூப்பிடாமல் வண்டி ஏறியவள், இப்போது என் வாசலிலேயே இரண்டு பேரைக் கூப்பிட்டு நிற்க வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நேர்ந்த இழப்பு இதுதான். இதை வெறும் மனக்குறையாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு, ஒருவர் இயன்றவரை பிறர் துணையின்றித் தாமாகவே நடமாடுவதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 9ஆவது பிரிவு சாலைகளையும் போக்குவரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றில் உள்ள தடைகளைக் கண்டறிந்து நீக்கும் கடமையை அரசுகள் மீது சுமத்துகிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த உடன்படிக்கையில் இணைந்திருக்கின்றன.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்கு முதலில் கசக்கலாம். உங்கள் பிரச்சினைக்குக் காரணம் சைக்கிள் பாதை அல்ல என்பது என் கருத்து. அந்தப் பாதையைப் போட்டவர்கள், வண்டியின் கதவுக்கும் நடைபாதைக்கும் இடையிலிருந்த தொடர்பை அறுத்துவிட்டு, அதை வேறு வழியில் இணைக்காமலே போய்விட்டார்கள். குறை அங்கேதான் இருக்கிறது. இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். வேனின் தளம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரம், நடைபாதை 12 செ.மீ. உயரம், பலகை ஒன்றரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பலகை நடைபாதையின் மேல் விழுந்ததால் ஏற வேண்டிய உயரம் 18 செ.மீ. மட்டுமே, சரிவு ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. இப்போது பலகை சாலை மட்டத்தில் விழுவதால் 30 செ.மீ. முழுவதையும் ஏற வேண்டும். சரிவு ஐந்துக்கு ஒன்றாகிவிடுகிறது. கட்டடங்களின் நிரந்தரச் சாய்தளத்துக்குப் பல நாடுகளில் பன்னிரண்டுக்கு ஒன்று என்பதே வரம்பு. வண்டியும் பலகையும் நாற்காலியும் பழையவைதான். இறங்கும் இடம் ஒன்றரை மீட்டர் நகர்ந்ததால் மட்டுமே உங்களுக்குக் கைகொடுக்க இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், வழக்கறிஞராக, என் கட்சிக்காரர் ஒருவருடன் இதே போன்ற ஒரு பாதையின் அருகே அரை நாள் நின்றிருந்தேன். பொறியாளர் வரைபடத்தை விரித்து, கம்பங்களுக்கு நடுவே இடைவெளி போதும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். வண்டியின் பலகை இறங்கியது. அதன் ஒரு மூலை கம்பத்தின் ரப்பர் அடித்தட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டிருந்த அந்தப் பலகையில் நாற்காலியின் முன்சக்கரம் ஏறியதும் பலகை 'டக்'கென்று சாய்ந்தது. என் கட்சிக்காரர் இரு கைகளாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பொறியாளர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தார். இரண்டு கம்பங்கள் அந்த வாரமே அகற்றப்பட்டன, வழக்கே தேவைப்படவில்லை. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு சிறிய, எவ்வளவு திட்டவட்டமான ஒன்று என்பது புரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

அகற்றக் கோரும் மனுவில் கையெழுத்திடலாமா?

வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வணிகர்களுக்குத் தேவை வாடிக்கையாளர்களின் கார்களுக்கு இடம். அது நியாயமான கவலையாகவே இருக்கட்டும். ஆனால் அது உங்கள் கவலை இல்லை. நாளையே நிர்வாகம் அவர்களுக்குப் பத்துக் கார் நிறுத்தும் இடம் கொடுத்துச் சமரசம் செய்தால் வழக்கு முடிந்துவிடும். உங்கள் பலகை அதே இடத்தில்தான் இறங்கிக்கொண்டிருக்கும். "செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்ற வாய்வார்த்தையையும் எச்சரிக்கையோடு பாருங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடக்கூடிய நாடுகளில், அந்த உத்தரவு முதலில் தேடி வருவது மனுவில் பெயர் உள்ளவரைத்தான்.

வழக்கின் வலிமையையும் யோசிக்க வேண்டும். லண்டனின் லம்பெத் பகுதியில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் திட்டம் ஒன்றை எதிர்த்து, காரையே நம்பியிருந்த மாற்றுத்திறனாளி ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு நேர்ந்த சிரமம் உண்மையானதுதான். ஆனால் அது சோதனைத் திட்டம் என்பதால் பாதிப்புகளைத் தொடர்ந்து மதிப்பிட்டுத் திருத்தலாம் என்ற நிர்வாகத்தின் நிலைப்பாட்டை ஏற்று 2021இல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. 2022இல் மேல்முறையீடும் பலனளிக்கவில்லை. முழுத் திட்டத்தையும் கவிழ்க்கக் கேட்கும்போது, எதிரே மற்றவர்களின் உயிர்ப் பாதுகாப்பு வந்து நிற்கும், நீதிபதி தயங்குவார். ஒரு வண்டி நீளத்துக்குப் பாதையைத் திருத்தி அமைக்கக் கேட்டால், அதை மறுப்பதற்கு நிர்வாகத்திடம் காரணம் எதுவும் எளிதில் கிடைக்காது.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். சைக்கிள் பாதையில் போகிறவர்களிலும் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். நடக்க முடியாத பலர் மூன்று சக்கர சைக்கிளிலும், கையால் இயக்கும் சைக்கிளிலும், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் இணைப்புச் சக்கரத்திலும் போய்வருகிறார்கள். பிரிட்டன் அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட சைக்கிள் பாதை வடிவமைப்புக் கையேடு, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள சைக்கிளை அடிப்படை அளவாக வைத்துப் பாதைகளைத் திட்டமிடச் சொல்வது இவர்களையும் மனத்தில் கொண்டுதான். உங்கள் தெருவில் பாதை முழுவதும் போய்விட்டால் இவர்கள் மறுபடியும் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். கீழே விழுந்த இளைஞருக்காக அன்றிரவு அழுதேன் என்று எழுதிய நீங்கள் அதை விரும்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

"வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை"

இந்தப் பதிலைக் கேட்டுத்தான் நீங்கள் மனம் தளர்ந்திருக்கிறீர்கள். அதிகாரி சொன்னது முழுப் பொய் இல்லை. பல நாடுகளில் அளவுகள் வழிகாட்டுதல் நூல்களில்தான் இருக்கின்றன. ஆனால் அளவு கட்டாயம் இல்லை என்பதால் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லோமிட்டா என்ற நகரத்தின் மீது, தெருவோர நிறுத்துமிடம் தன்னால் பயன்படுத்த முடியாத வகையில் இருக்கிறது என்று உடல் கீழ்ப்பகுதி செயலிழந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். தெருவோர நிறுத்துமிடத்துக்கென்று தனி அளவு விதி எதுவும் வகுக்கப்படவில்லை என்பது நகரத்தின் வாதம். விதி வகுக்கப்படாவிட்டாலும் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பொதுக் கடமை இருக்கத்தான் செய்கிறது என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அந்த வாதத்தை நிராகரித்தது. இந்தியாவிலோ, அணுகல்தன்மை அளவுகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 2017ஆம் ஆண்டு விதியே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளைத் தனியே வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 149ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்படும் பாதிப்பை முடிவெடுப்பதற்கு முன்பே மனமார எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். முடிவெடுத்த பின் கோப்பில் ஒரு தாளைச் சேர்ப்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

"உங்கள் ஒருவருக்காக" என்ற சொல்லையும் பிரித்துப் பார்ப்போம். ஐ.நா. உடன்படிக்கையின் குழு 2014இல் வெளியிட்ட 2ஆம் பொதுக் கருத்துரை இரண்டு கடமைகளை வேறுபடுத்துகிறது. அணுகல்தன்மை என்பது யாரும் வந்து கேட்பதற்கு முன்பே எல்லாருக்குமாகச் செய்து வைக்க வேண்டியது. செலவாகிறது என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது. தனிநபர் தேவைக்கேற்ற நியாயமான வசதி என்பது ஒருவர் கேட்கும் கணத்திலிருந்து தொடங்குவது. அதற்கு மட்டுமே அளவுக்கு மீறிய சுமை என்ற விலக்கு உண்டு. நீங்கள் இதுவரை இரண்டாவதை மட்டுமே, அதுவும் சலுகை கேட்பது போலக் கேட்டிருக்கிறீர்கள். இனி எழுதும் கடிதத்தில் முதலாவதை முன்னால் வையுங்கள். அந்த நிறுத்துமிடம் உங்கள் பெயரில் இருந்ததில்லை. அங்கு சக்கர நாற்காலிக் குறி போடப்பட்டிருந்தது, வரும் எவருக்குமாக.

அறிவிப்புக் காலமும் வழக்கின் கெடுவும்

ஆட்சேபம் சொல்லும் காலத்தைத் தவறவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அறிவிப்பு விளக்குக் கம்பத்தில், நாற்காலியில் இருந்தபடி படிக்க முடியாத உயரத்தில் ஒட்டப்பட்டிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரைப் பாதிக்கிறதோ அவருக்கு எட்டாத அறிவிப்பை முறையான கலந்தாய்வு என்று சொல்ல முடியுமா என்பதே உங்கள் தரப்பின் வலுவான கேள்விகளில் ஒன்று. அந்தத் தாள் இன்னும் கிழியாமல் இருந்தால், தரையிலிருந்து அதன் உயரம் தெரியும்படி அளவுநாடாவோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆனால் வழக்குக்கான கெடு வேறு. அது யாருக்காகவும் காத்திருக்காது. பிரிட்டனில் நிரந்தரப் போக்குவரத்து ஆணையை நேரடியாக எதிர்க்க ஆறு வாரம்தான். அதிகபட்சம் 18 மாதம் நீடிக்கும் சோதனை ஆணையாக இருந்தால், அதை நிரந்தரமாக்குவதற்கு எதிராக எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க முதல் ஆறு மாதம் உண்டு. அமெரிக்காவில் பாகுபாடு குறித்து நீதித் துறையிடம் புகார் செய்ய 180 நாள். இந்தியாவில் நீதிப்பேராணை மனுவுக்குக் கறாரான கெடு இல்லை என்றாலும், காரணமில்லாத தாமதம் மனுவைப் பலவீனமாக்கும். நான்கு மாதம் கடந்துவிட்ட நிலையில், உங்கள் ஊரில் இது எந்த வகை ஆணை, எந்தத் தேதியிட்டது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. தகவல் பெறும் சட்டம் உள்ள நாடுகளில், திட்ட வரைபடத்தையும் மாற்றுத்திறனாளிகள் மீதான பாதிப்பு குறித்துச் செய்த மதிப்பீட்டையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். இந்தியாவில் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மதிப்பீடே செய்யவில்லை என்று பதில் வந்தால், அந்த ஒரு தாள் உங்கள் கையில் உள்ள எல்லா ஆவணங்களையும்விட மதிப்புடையது.

என்ன கேட்பது?

அதிகாரியிடம் மறுபடியும் வாய்மொழியாகப் பேச வேண்டாம். எழுத்தில், அளவுகளோடு கேளுங்கள். உங்கள் வாசலுக்கு நேரே ஒரு வண்டி நிற்கும் இடம். அந்த நீளத்துக்குக் கம்பங்கள் கூடாது. அங்கே சைக்கிள் பாதையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். இப்படி உயர்த்தினால் பலகை மீண்டும் நடைபாதை உயரத்திலேயே இறங்கும், சைக்கிளில் வருபவரும் ஏற்றத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பார். உயர்த்த முடியாது என்றால், வண்டிக்கும் சைக்கிள் பாதைக்கும் இடையில் ஒரு இறங்குமேடையும், நேரே எதிரில் நடைபாதையில் சரிவும். அமெரிக்க அணுகல் வாரியம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பொதுப்பாதை விதிகள், பயணிகள் ஏறி இறங்கும் இடத்தில் வண்டியை ஒட்டி 1.5 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத இடமும், நடைபாதையில் குறைந்தது 1.22 மீட்டர் தெளிவான அகலமும் கேட்கின்றன. உங்கள் நாட்டை அவை கட்டுப்படுத்தாமல் போகலாம். பொறியாளரிடம் எண்களோடு பேச அவை உதவும்.

140 மீட்டருக்கு அப்பால் உள்ள நிறுத்துமிடம் "மாற்று ஏற்பாடு" என்று சொல்வார்கள். அந்த ஏற்றத்தில் ஒருமுறை போய், எடுத்த நேரத்தையும், நடைபாதை எந்தப் பக்கம் சாய்ந்து நாற்காலியை இழுக்கிறது என்பதையும், குறுக்கே உள்ள படிகளையும் குறித்து வையுங்கள். கதவருகே இருந்ததைக் கொண்டுபோய்ச் சேர முடியாத இடத்தில் வைத்தால், அதை மாற்று என்று ஏற்க வேண்டியதில்லை.

பேருந்து நிறுத்தத் திட்டைப் பொறுத்தவரை, திட்டு என்பதே தவறில்லை. சரியாகக் கட்டினால் பேருந்து அதன் விளிம்பை ஒட்டி நேராக வந்து நிற்க முடியும், அது உங்களுக்கு நல்லதே. பலகை இறங்கியபின் நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா, திட்டிலிருந்து நடைபாதைக்குப் போகும் குறுக்குவழி மட்டமாக இருக்கிறதா, அந்த இடத்தில் சைக்கிள்கள் நின்று வழிவிட வேண்டும் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். பார்வையற்றவர்களுக்கு இந்தக் குறுக்குவழி உங்களுக்கு இருப்பதைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் பகுதியில் அவர்களுடைய அமைப்பு எதுவும் இருந்தால் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுங்கள். வணிகர்களைக் காட்டிலும் அவர்களே உங்களுக்கு இயல்பான துணை. சைக்கிள் ஓட்டுநர்களின் அமைப்பையும் அணுகுங்கள் என்பேன். தங்கள் பாதைக்குள் எதிரே ஒரு நாற்காலி வருவதை அவர்களும் விரும்ப மாட்டார்கள்.

கடிதத்துக்கு உரிய காலத்தில் பதில் வராவிட்டால், அடுத்த படி நீதிமன்றம் அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர் அல்லது சமத்துவ ஆணையம், எது உங்கள் நாட்டில் இருக்கிறதோ அது. பொதுவாகச் செலவு குறைவு, வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். வழக்குக் கெடு அதற்குள் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம். கெடு நெருங்கினால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அணுகுங்கள்.

சைக்கிள் பாதையில் நாற்காலியை ஓட்டலாமா?

இது நாட்டைப் பொறுத்தது. நெதர்லாந்தில் மாற்றுத்திறனாளிகளின் வாகனங்கள் நடைபாதை, சைக்கிள் பாதை, சாலை மூன்றையும் பயன்படுத்தலாம். நடைபாதையில் மட்டும் மணிக்கு 6 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிரிட்டனில் சைக்கிளுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் சக்கர நாற்காலிக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் போக்குக்கு எதிராகச் செல்வது ஆபத்து. விபத்து நேர்ந்தால் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் மீதும் வரலாம். அந்த இளைஞர் விழுந்ததற்கு நீங்கள் குற்றவாளி என்று நான் கருதவில்லை, உங்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. ஆயினும் அந்தச் சம்பவத்தின் தேதி, நேரம், வேன் ஓட்டுநர் கண்டது ஆகியவற்றை இப்போதே எழுதிக் கையொப்பம் பெற்று வையுங்கள். அந்த இளைஞரே ஒரு வரி எழுதித் தரச் சம்மதித்தால் இன்னும் நல்லது. திருத்தம் நடக்கும்வரை, 35 மீட்டர் தள்ளி இருக்கும் அந்தச் சரிவுக்கு நேரே வண்டியை நிறுத்த முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பங்களுக்கு இடையே அங்கே இடைவெளி இருந்தால், பாதையைக் குறுக்காகக் கடந்தால் போதும், நெடுக்காகப் போக வேண்டாம்.

பலருக்கு நன்மையானதைக் கெடுக்கிறேனோ என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: இல்லை. நீங்கள் கேட்கும் அந்த ஆறேழு மீட்டர் திருத்தத்தால் ஒரு சைக்கிள்கூட அந்தப் பாதையை இழக்காது.

உங்கள் கடிதத்தில் எல்லா விவரமும் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை. கம்பத்தின் உள்பக்கத்திலிருந்து நடைபாதை விளிம்புவரை பாதை எத்தனை மீட்டர் அகலம் என்று நீங்கள் சொல்லவில்லை. உயர்த்திய பாதையா, இறங்குமேடையா, எதைக் கேட்பது என்பது அந்த எண்ணைப் பொறுத்தே இருக்கிறது. அடுத்த முறை வேன் வரும்போது ஓட்டுநரை அளக்கச் சொல்லி, ஆணையின் தேதியையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் வரைவை அனுப்புகிறேன்.